கயிறு போடுவதற்கு முன்: திறந்த டிரெய்லர்களில் சரக்குக் கட்டும் முறை பற்றி ஒரு மதிப்பாய்வு

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். பிரேக் பிடிக்கவில்லை, அல்லது ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்தார். மேலே இருந்த சரக்கு எப்படி அடுக்கப்பட்டிருந்தது, எதனால் கட்டப்பட்டிருந்தது, வண்டி கவிழ்ந்ததால் சரக்கு சரிந்ததா, சரக்கு சரிந்ததால் வண்டி கவிழ்ந்ததா என்ற கேள்விகள் அநேகமாக எழுவதில்லை. சாலையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் மதுவைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். கட்டைப் பற்றிப் பேசுவது குறைவு.

பக்கச் சுவர் இல்லாத தட்டையான டிரெய்லரில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. மூடிய கன்டெய்னருக்குள் பெட்டி நகர்ந்தால் சுவரில் மோதி நிற்கும். தட்டு டிரெய்லரில் நகர்ந்த பொருள் போய்ச் சேரும் இடம் சாலை. அல்லது ஓட்டுநரின் கேபின். இரும்புச் சுருள், கட்டுமானக் கம்பி, கிரானைட் பாளம், மின்கம்பம், காற்றாலை இறக்கை, மண் அள்ளும் இயந்திரம் என்று மூடிய வண்டியில் ஏற்ற முடியாத கனத்த சரக்குகள்தான் இதில் வருகின்றன. கிரேன் கொண்டு மேலிருந்தோ, ஃபோர்க்லிஃப்ட் கொண்டு பக்கவாட்டிலோ ஏற்றலாம் என்ற வசதிக்காகச் சுவரை விட்டுவிடுகிறோம். சுவர் செய்யவேண்டிய வேலையை அதன்பின் வேறு ஏதோ ஒன்று செய்தாக வேண்டும்.

அந்த வேறு ஏதோ ஒன்று என்ன என்பதை இயற்பியல், கருவி, சரக்கின் வகை, சட்டம், பொறுப்பு என்ற ஐந்து பக்கங்களிலிருந்தும் இக்கட்டுரை பார்க்கிறது. பார்த்தபின் எஞ்சும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் கட்டு என்பது ஓட்டுநரின் கைத்திறனாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது சரக்கு ஏற்றும் இடத்தில், கயிறு கைக்கு வருவதற்கு முன்பே, பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடத்தில் பொறுப்பை வைக்காத எந்தச் சீர்திருத்தமும் அபராத ரசீதோடு முடிந்துபோகும்.

சரக்கு ஏன் நகர்கிறது

ஓடும் பேருந்தில் நிற்பவர் பிரேக் போட்டதும் முன்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. பேருந்து நின்றது, அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான். சரக்கின் கதையும் இதுவே. காய்ந்த சாலையில் கனரக வண்டி முழு பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 80 விழுக்காடு அளவுள்ள விசையோடு முன்னால் போகப் பார்க்கும் என்பது பல நாடுகளின் விதிகள் ஒப்புக்கொண்ட கணக்கு. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் 50 விழுக்காடு. அமெரிக்கக் கூட்டாட்சி விதி, ஐரோப்பியத் தரம் இஎன் 12195-1, ஆஸ்திரேலியாவின் சுமைக் கட்டு வழிகாட்டி மூன்றும் இந்த எண்களில் ஏறத்தாழ ஒன்றுபடுகின்றன. 20 டன் சுருள் ஒன்றை முன்பக்கம் 16 டன் விசையைத் தாங்கும்படியும், இரு பக்கமும் 10 டன் விசையைத் தாங்கும்படியும் நிறுத்தியாக வேண்டும் என்பது இதன் பொருள்.

பக்கவாட்டு விசை வளைவில் பிறக்கிறது. அது வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சரக்கின் எடையில் பாதி அளவு விசை வெளிப்பக்கம் இழுக்கும். அதே வளைவில் 20 கிலோமீட்டர் என்றால் எட்டில் ஒரு பங்குதான். கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய ஓட்டுநர்கள் ஊர்ந்து போவதன் கணக்கு இது.

சரக்கு சறுக்குவது ஒன்று, சாய்வது இன்னொன்று. ஒரு பொருளின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரம் அதன் அடி அகலத்தைவிட அதிகமானால், எடையில் பாதி அளவுப் பக்க விசைக்கே அது கவிழத் தொடங்கும். உயரமான மின்மாற்றியும், செங்குத்தாக நிறுத்திய கண்ணாடிச் சட்டமும் சறுக்காமலேயே சாய்ந்து விழுவது இதனால்தான். அவற்றுக்கு உராய்வு உதவாது; உயரத்தில் பிடித்து இழுக்கும் கட்டு வேண்டும்.

மூன்றாவதாக அதிர்வு. மேடு பள்ளத்தில் சக்கரம் துள்ளும்போது சரக்கு ஒரு கணம் எடை குறைந்ததுபோல் ஆகிறது. அந்தக் கணத்தில் உராய்வும் குறைகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் நூலிழை அளவு நகர்ந்து, கயிறு தளர்ந்து, அடுத்த துள்ளலில் இன்னும் கொஞ்சம் நகர்கிறது. காலையில் இறுகக் கட்டிய லோடு மாலையில் தளர்ந்திருப்பதற்குக் கட்டியவரின் அலட்சியம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கயிறு பிடிப்பதில்லை, அழுத்துகிறது

சரக்கின் மேலாகப் போட்டு இருபக்கமும் இழுத்துக் கட்டும் கயிறோ பெல்ட்டோ சரக்கைப் பிடித்து நிறுத்துகிறது என்றே பொதுவாக நினைக்கிறோம். அது செய்வது வேறு. சரக்கைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடுவதால் தளத்துக்கும் சரக்குக்கும் இடையே உராய்வு கூடுகிறது. நகராமல் நிறுத்துவது அந்த உராய்வுதான். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

10 டன் சரக்கு, உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 8 டன் விசையைத் தாங்க வேண்டும். சரக்கின் சொந்த எடையால் கிடைக்கும் உராய்வு 3 டன். குறை 5 டன். சாதாரண ராட்செட் பெல்ட்டைக் கையால் இறுக்கினால் ஏறக்குறைய 300 கிலோ இழுவிசை கிடைக்கும். இருபக்கமும் சேர்த்து 600 கிலோ அழுத்தம், அதில் 0.3 பங்கு, அதாவது 180 கிலோ மட்டுமே உராய்வாக மாறும். 5 டன் குறையை 180 கிலோவால் வகுத்து, ஐரோப்பியத் தரம் சொல்லும் பாதுகாப்புக் காரணி 1.25 ஆல் பெருக்கினால் 35 பெல்ட் வேண்டும். 10 டன் சரக்குக்கு 35 பெல்ட் எந்த லாரியிலும் இல்லை.

இதே சரக்கின் அடியில் சறுக்கலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பைப் போட்டால் கெழு 0.6 ஆகிறது. சொந்த உராய்வே 6 டன். குறை 2 டன். ஒவ்வொரு பெல்ட்டும் தரும் உராய்வு 360 கிலோவாக உயர்கிறது. தேவை 7 பெல்ட்டாகக் குறைகிறது. விரிப்பு இல்லாமல், சரக்கைக் கேபினுக்குப் பின்னால் நிற்கும் முன்தடுப்போடு ஒட்டி வைத்து அந்தத் தடுப்பும் போதிய வலுவோடு இருந்தால் முன்விசையைத் தடுப்பு ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டுக்கு மட்டும் 12, 13 பெல்ட் போதும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சறுக்கலைப் பொறுத்தவரை கணக்கில் பெல்ட்டே தேவைப்படாது. துள்ளாமல் இருக்கச் சில போட்டால் போதும்.

விரிப்பு போடுவதும், முன்தடுப்போடு ஒட்டி வைப்பதும் சரக்கை இறக்கி வைக்கும் அந்தச் சில நிமிடங்களில் நடக்க வேண்டியவை. கிரேன் விலகிய பிறகு 10 டன் பொருளுக்கு அடியில் யாரும் விரிப்பைச் செருக முடியாது. அதற்குமேல் ஓட்டுநர் எத்தனை முறை முறுக்கினாலும், எத்தனை முடிச்சுப் போட்டாலும், தொலைந்த உராய்வு திரும்பாது.

கோணமும் கணக்கில் சேரும். பெல்ட் தளத்துக்குச் செங்குத்தாக இறங்கும்போது அழுத்தம் முழுதாகக் கிடைக்கும். தளத்தோடு 30 பாகைக் கோணத்தில் அதில் பாதிதான். தாழ்ந்த, அகன்ற சரக்கின் மேல் குறுக்காகப் போட்ட பெல்ட் கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் கீழே அழுத்துவது சொற்பம். ராட்செட் இருக்கும் பக்கத்தில் இழுவிசை அதிகமாகவும், மூலைகளைத் தாண்டி மறுபக்கம் போகும்போது குறைவாகவும் இருப்பதால், அடுத்தடுத்த பெல்ட்டுகளின் ராட்செட்டை இடமும் வலமுமாக மாற்றிப் போடுவது நல்ல வழக்கம்.

தடுப்பது, கட்டுவது, பூட்டுவது

உலகெங்கும் உள்ள கையேடுகள் முறைகளை மூன்றாகப் பிரிக்கின்றன. முதலாவது தடுப்பு: முன்தடுப்பு, பக்கக் கம்பங்கள், முட்டுக்கட்டை, ஆப்பு, சரக்குகளுக்கு இடையிலான வெற்றிடத்தை நிரப்பும் கட்டைகள். இரண்டாவது கட்டு. இதிலேயே இரண்டு உண்டு. மேலாகப் போட்டு அழுத்தும் கட்டு ஒன்று. சரக்கிலுள்ள வளையத்திலிருந்து வண்டியின் கொக்கிக்கு நேராக இழுக்கும் கட்டு மற்றொன்று. நேர்க்கட்டு உராய்வை நம்பி இருப்பதில்லை. சங்கிலியின் வலுவே அதன் வலு. மூன்றாவது பூட்டு: கன்டெய்னரின் நான்கு மூலைகளிலும் விழும் திருகு பூட்டுகள்.

செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் தடுப்பு. கட்டு அதற்குத் துணை. நம் நடைமுறையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. ‘வெயிட் பின்னாடி இருக்கட்டும்’ என்று எடைப் பங்கீட்டுக்காக முன்பக்கம் இடைவெளி விட்டு ஏற்றுவது பல சமயம் தவிர்க்க முடியாதது. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் எடை சரியாக விழ வேண்டும் என்ற தேவை உண்மையானதே. ஆனால் விட்ட இடைவெளியைக் கட்டையால் நிரப்ப வேண்டும் என்ற அடுத்த பாதி மறந்துபோகிறது. அந்த இடைவெளி சரக்கு வேகம் எடுக்கும் ஓடுபாதை. ஒரு மீட்டர் ஓடி வந்து மோதும் 10 டன்னை, ஒட்டி இருந்தால் தாங்கியிருக்கக்கூடிய அதே தடுப்பு தாங்காது.

கயிறு, பெல்ட், சங்கிலி

நம் லாரிகளில் மூன்றும் புழங்குகின்றன. மூட்டைகளுக்கும் வைக்கோலுக்கும் கயிறு போதும். அழுத்தினால் அடங்கும் சரக்குக்கு அது ஏற்றதும்கூட. இரும்புக்கும் கல்லுக்கும் அது பொருந்தாது. நைலான் கயிறு சுமை ஏறும்போது வெகுவாக நீளும். நீண்ட கயிறு அறுவதில்லை, ஆனால் அழுத்துவதையும் நிறுத்திவிடுகிறது. முடிச்சு விழுந்த இடத்தில் எந்தக் கயிறும் தன் வலுவில் கணிசமான பங்கை இழக்கிறது. எவ்வளவு தாங்கும் என்று அதில் எழுதியிருப்பதும் இல்லை.

பாலியெஸ்டர் பெல்ட்டின் பெருமை அதன் சீட்டில் இருக்கிறது. ஐரோப்பியத் தரப்படி செய்த பெல்ட்டில் நீல நிறச் சீட்டு தைத்திருக்கும். தாங்கும் திறன், கையால் இறுக்கினால் கிடைக்கும் இழுவிசை இரண்டும் அதில் எழுதியிருக்கும். திறனளவு சுமையில் அது 7 விழுக்காட்டுக்கு மேல் நீளக் கூடாது. சீட்டுக் கிழிந்த பெல்ட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி, ஏனெனில் அது எவ்வளவு தாங்கும் என்று அதன்பின் யாருக்கும் தெரியாது. பெல்ட்டின் எதிரி கூர்முனை. இரும்புத் தகட்டின் விளிம்பில் நேராகப் படும் பெல்ட், இறுக்கமாக இருக்க இருக்க விரைவாக அறுபடும். மூலைக் காப்பு இல்லாத இடத்தில் பெல்ட் போடுவதைவிடச் சங்கிலி போடுவது மேல்.

சங்கிலி எளிதில் நீளாது, அறுபடாது, வெப்பத்துக்கு அஞ்சாது. ஆனால் கனமானது, மெருகேறிய பரப்பைக் கீறும், பாரம் தூக்கப் பயன்பட்ட பழைய சங்கிலி எது, கட்டுவதற்கென்று தரப்படுத்திய சங்கிலி எது என்று வண்டிக்காரர்களுக்குப் பல சமயம் தெரிவதில்லை.

கயிறோ பெல்ட்டோ சங்கிலியோ, எதுவாக இருந்தாலும் போய் மாட்டும் கொக்கி ஒன்று உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு கட்டுப் புள்ளியும் ஏறக்குறைய 2 டன் இழுவிசையைத் தாங்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் இஎன் 12640 கேட்கிறது. நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் லாரிக்குப் பாடி கட்டும் தொழில் பேர்பெற்றது; அங்குள்ள வெல்டர்களின் திறமையைப் பற்றி ஐயமில்லை. ஆனால் பக்கத்தில் பற்றவைத்த கொக்கி தார்ப்பாய்க் கயிற்றுக்கென்று வைத்ததா, 20 டன் இரும்பைப் பிடிக்க வைத்ததா என்று வண்டியில் எங்கும் குறித்திருப்பதில்லை. 5 டன் தாங்கும் பெல்ட்டை அரை டன் தாங்கும் கொக்கியில் மாட்டினால் அந்தக் கட்டின் வலு அரை டன்தான்.

தார்ப்பாயையும் இங்கே சொல்லியாக வேண்டும். மழைக்கும் தூசிக்கும் திருட்டுக்கும் அது தேவை. வரிவரியாகக் கயிறு ஓடிய தார்ப்பாய் பார்வைக்குக் கட்டுக்கோப்பாக இருக்கும். உள்ளே சரக்கு கட்டப்படாமல் கிடந்தாலும் வெளியே தெரியாது. சோதனைச் சாவடியில் நிற்பவருக்கும் தெரியாது.

சரக்குக்குச் சரக்கு

இரும்புச் சுருள். சிறிய இடத்தில் பெரிய எடை. இரும்பின் அடர்த்தியில் 20 டன் என்பது இரண்டரைக் கன மீட்டர்தான். சுருளின் துளை மேல்நோக்கி இருக்கலாம், வண்டியின் நீளவாக்கில் இருக்கலாம், குறுக்கில் இருக்கலாம். குறுக்கில் வைத்தால் பிரேக் போடும்போது உருளும். நீளவாக்கில் வைத்தால் வளைவில் உருளும். மேல்நோக்கி வைத்தால் உருளாது, ஆனால் சறுக்கும், ஒடுங்கிய சுருளானால் சாயும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டு முறை வேண்டும். அதனால்தான் அமெரிக்க விதிகளில் 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ முதல் எடையுள்ள சுருளுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. பர்மிங்காம் நகரின் நெடுஞ்சாலைச் சந்திப்பில் சுருள்கள் விழுந்து சாலையையே சிதைத்த அனுபவத்துக்குப் பின் அலபாமா மாநிலம், சுருள் ஏற்றும் ஓட்டுநர் தனிச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டது. ஜெர்மனியில் டிரெய்லரின் தளத்திலேயே பள்ளம் அமைத்துச் சுருளை அதற்குள் இறக்கிவிடுகிறார்கள். தடுப்பை வண்டியின் உடம்பிலேயே வைத்துவிட்ட நல்ல தீர்வு அது.

கட்டுமானக் கம்பி. நம் சாலைகளில் அதிகம் பயமுறுத்துவது இதுதான். கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். சிறிய லாரியின் தளம் அதில் பாதி சொச்சம். மடித்து ஏற்றுகிறார்கள், அல்லது பின்னால் நீட்டிக்கொண்டு போகிறார்கள். இரவில் பின்விளக்கு மங்கிய லாரியிலிருந்து நீண்ட கம்பி பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்றோர் ஆபத்து உள்ளே இருக்கிறது. கட்டின் வெளிக்கம்பிகளைத்தான் பெல்ட் அழுத்துகிறது. நடுவில் உள்ளவற்றை ஒன்றோடொன்று உரசும் இரும்பு மட்டுமே பிடித்திருக்கிறது, அந்த உராய்வு மிகக் குறைவு. திடீர் பிரேக்கில் நடுக்கம்பிகள் மட்டும் உருவிக்கொண்டு கேபினுக்குள் பாயும். எத்தனை பெல்ட் போட்டாலும் இதற்கு மருந்தில்லை. கேபினுக்குப் பின்னால் கம்பியின் உயரத்துக்குக் குறையாத உறுதியான முன்தடுப்பு ஒன்றே வழி.

கிரானைட் பாளம். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழக்கமான காட்சி. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரே கல் 24 டன் வரும். ‘இவ்வளவு கனத்தை எது நகர்த்தப் போகிறது’ என்ற நம்பிக்கையில் இரண்டு கட்டைகளின் மேல் வைத்துக் கட்டாமலே ஓட்டுவதுண்டு. எடை கூடக் கூட உராய்வு கூடும் என்பது சரி. நகர்த்தும் விசையும் அதே விகிதத்தில் கூடும் என்பது மறந்துபோகிறது. சறுக்குவதைப் பொறுத்தவரை 24 டன் கல்லும் 24 கிலோ கல்லும் ஒன்றே. ஈரமான கல்தூள் படிந்த தளம் உராய்வை இன்னும் குறைக்கும். அடியில் சுத்தமான தளம், நாற்புறமும் முட்டு, நேர்ச்சங்கிலி ஆகியவை இதற்கு வேண்டும்.

மண் அள்ளும் இயந்திரம். சொந்தச் சக்கரமோ பட்டையோ உள்ளதால் உருண்டுபோகக்கூடிய சரக்கு. அமெரிக்க விதிப்படி 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்கு நான்கு மூலையிலும் கட்டு வேண்டும். அள்ளும் கை கீழே இறக்கிக் கட்டியிருக்க வேண்டும். உயர்ந்து நின்ற கை பாலத்தின் அடியிலும் மின்கம்பியிலும் மாட்டும் ஆபத்து இங்கேயும் உள்ளதுதான்.

கன்டெய்னர். இதற்குக் கட்டே தேவையில்லை. நான்கு பூட்டுகளைத் திருப்பினால் போதும். மிக எளிதான இந்த வேலைதான் துறைமுகத்துக்கு அருகில் குறுந்தூரம் ஓடும் வண்டிகளில் எளிதில் விடுபடுகிறது. ‘பக்கத்துல தானே’ என்ற நினைப்பு. வளைவுக்குத் தூரம் தெரியாது.

சட்டம் எதை அளக்கிறது

அமெரிக்காவின் இன்றைய விதிகள் 2002இல் வெளியாகி, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமாயின. கனடாவோடு கலந்து வகுத்தவை. சட்டம் எவ்வளவு நுணுக்கமாகப் பேச முடியும் என்பதற்கு அவை எடுத்துக்காட்டு. கட்டுகளின் மொத்த வேலைத்திறன் சரக்கின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது. முன்தடுப்பு இல்லாத இடத்தில், 10 அடிக்கு மேற்பட்ட சரக்குக்கு முதல் 10 அடிக்கு இரண்டு கட்டு, அதற்குமேல் ஒவ்வொரு 10 அடிக்கோ அதன் பகுதிக்கோ ஒன்று. அந்தக் கணக்கில் நம் 12 மீட்டர்க் கம்பிக்கு ஐந்து கட்டு வேண்டும். புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் ஓட்டுநர் நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரம் அல்லது 150 மைல், எது முன்போ அப்போது மீண்டும் பார்க்க வேண்டும். புதுக்கட்டு தளர்வது முதல் மணி நேரங்களில்தான் என்ற அனுபவம் விதியாகியிருக்கிறது.

ஐரோப்பா கணக்கின் வழியைத் தேர்ந்தெடுத்தது. எத்தனை கட்டு என்று சொல்லாமல், எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்று சொல்லிச் சூத்திரத்தைத் தருகிறது. சாலையோரச் சோதனை பற்றிய 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய ஆணை சரக்குக் கட்டையும் சோதனைப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க முறை சாலையோரத்தில் எண்ணிப் பார்க்க எளிது. உராய்வு மிகக் குறைந்த சரக்குக்கு அது போதாமல் போகலாம். ஐரோப்பிய முறை துல்லியமானது. அதைப் புரிந்துகொள்ளப் பயிற்சி வேண்டும். படித்த அதிகாரிகளும் படிக்காத லோடுமேன்களும் ஒரே வண்டியைப் பார்க்கும் நம் நாட்டுக்கு எண்ணும் முறையே முதலில் ஏற்றது.

இந்தியச் சட்டம் பெரும்பாலும் எடையையும் அளவையும் நோக்கியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 113, 114ஆம் பிரிவுகள் எடை வரம்பும் எடைபோடும் அதிகாரமும் பற்றியவை. 2018இல் அச்சுக்கான எடை வரம்பு உயர்த்தப்பட்டு, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. நீண்ட கம்பிகளால் நேர்ந்த சாவுகள் நீதிமன்றம் வரை போனபின், வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருக்க அனுமதித்த விதியை மத்திய அரசு 2014இல் நீக்கியது. 2019 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதிக எடைக்கு 20,000 ரூபாயும் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பக்கத்திலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ வரம்பு மீறி நீட்டிய சரக்குக்கும் 20,000 ரூபாய்; இறக்கும் செலவும் சேரும்.

நல்ல விதிகள்தாம். ஆனால் எடை வரம்புக்குள், நீள அகலத்துக்குள் அடங்கி, அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒரே கயிற்றில் நிற்கும் சுருளை இந்த எண்கள் எதுவும் தொடுவதில்லை. எடைமேடை எடையைச் சொல்லும். கட்டின் வலுவைச் சொல்லும் மேடை கிடையாது. எண் இல்லாத இடத்தில் சோதிப்பவருக்கும் பிடிமானம் இல்லை, சோதிக்கப்படுபவருக்கும் இல்லை.

யார் கட்ட வேண்டும்

சாலையில் மாட்டுபவர் ஓட்டுநர். ஆகவே கட்டு அவர் பாடு என்று ஆகிவிட்டது. அவருடைய நிலையைப் பார்ப்போம். ஆலை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்து உள்ளே போகிறார். எதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர் கிரேன் ஓட்டுபவரும் ஆலையின் மேற்பார்வையாளரும். லோடுமேன்களுக்குக் கூலி டன் கணக்கில். கட்டுவதற்குத் தனிக் கூலி கிடையாது. அடுத்த வண்டி வரிசையில் நிற்கிறது, ‘வெளிய போய்க் கட்டிக்க’ என்கிறார்கள். முன்பு கிளீனர் ஒருவர் மறுபக்கம் கயிறு பிடிப்பார். இன்று தனி ஆளாக ஓட்டுபவர்கள் பலர். போகும்போது சிமெண்ட் மூட்டை, ரிட்டர்ன் லோடு கம்பி. மூட்டைக்கு வாங்கிய கயிறுதான் கம்பிக்கும். நல்ல பெல்ட்டும் விரிப்பும் வாங்க வாடகையில் இடமில்லை. வாங்கினாலும் இறக்கும் இடத்தில் காணாமல் போகிறது.

மற்ற நாடுகள் இந்த முடிச்சைச் சட்டத்தால் அவிழ்த்திருக்கின்றன. ஜெர்மனியின் வணிகச் சட்டத் தொகுப்பு, பயணத்தைத் தாங்கும்படி சரக்கை ஏற்றி, அடுக்கி, கட்டித் தருவதை அனுப்புபவரின் கடமையாக வைக்கிறது. ஏற்றிய வண்டி சாலையில் பாதுகாப்பாக ஓடுமா என்று பார்ப்பது வண்டிக்காரரின் கடமை. ஆஸ்திரேலியாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனச் சட்டம் ‘பொறுப்புச் சங்கிலி’ என்ற கோட்பாட்டை வைத்திருக்கிறது. அனுப்புபவர், பொதிபவர், ஏற்றுபவர், நேரம் குறிப்பவர், ஓட்டுநருக்கு வேலை கொடுப்பவர் என ஒவ்வொருவரும் தம் கைக்குள் இருக்கும் பகுதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் சட்டத்திலும் இதற்கான விதை இருக்கிறது. மேலே சொன்ன அபராதங்களை விதிக்கும் 194ஆம் பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆபத்தான பொருள்களைப் பொறுத்தவரை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுப்புபவரின் பொறுப்பைத் தனி விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. அமிலத்துக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை 20 டன் இரும்புக்கு மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு மறுப்பு எழலாம். அனுப்புபவர் மேல் பொறுப்பு வைத்தால் ஓட்டுநர் கட்டைக் கவனிக்கவே மாட்டார் என்பது அது. நடைமுறை அப்படி ஆக வேண்டியதில்லை. அடியில் விரிப்பு, முன்னால் முட்டு, சரக்கின் இருப்பிடம் மூன்றும் ஏற்றுபவர் கையில். பெல்ட்டின் நிலை, முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுசோதனை, வளைவில் வேகம் மூன்றும் ஓட்டுநர் கையில். எது யார் கையில் இருக்கிறதோ அதற்கு அவர் பொறுப்பு. இருவர் பொறுப்பையும் ஒருவர் தலையில் கட்டியதால்தான் இன்று இரண்டும் நடக்காமல் போகின்றன.

என்ன செய்யலாம்

பெரிய முதலீடு கேட்காத சில காரியங்கள் உண்டு. இரும்பு, கல், இயந்திரம், குழாய், மரம் ஆகிய ஐந்து வகைகளுக்காவது, எண்ணிப் பார்க்கக்கூடிய குறைந்தபட்சக் கட்டு விதியை மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கலாம். பாடி கட்டும்போதே ஒவ்வொரு கொக்கியின் அருகிலும் அது தாங்கும் எடையைப் பொறித்துத் தரச் செய்யலாம். அது வெல்டருக்கு ஒரு மணி நேர வேலை. விரிப்பும் முட்டுக்கட்டையும் ஆலையின் செலவாக இருக்கலாம். இறக்கும் இடத்திலிருந்து அவை அடுத்த வண்டியில் திரும்பி வரலாம். கனரக உரிமத்துக்கான பயிற்சியில் ஒரு நாள் கட்டுக்கென்றே ஒதுக்கி, தமிழில் படத்தோடு ஒரு கையேட்டைக் கையில் கொடுக்கலாம். சுங்கச்சாவடியை அடுத்து அகலமான நிறுத்துமிடம் அமைத்தால், முதல் மறுசோதனைக்குச் சாலையோரத்தில் ஒதுங்க வேண்டியிருக்காது.

இவை அனைத்துக்கும் முன்னதாக ஒன்று. இன்று குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்ட சரக்கு இ-வே பில் இல்லாமல் ஆலை வாசலைத் தாண்டுவதில்லை. பொருள் என்ன, விலை என்ன, எத்தனை, எந்த வண்டி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தவறாக எழுதினால் அனுப்பியவர் பதில் சொல்ல வேண்டும். வரி விஷயத்தில் ஆலை வாசலில் பொறுப்பை நிறுத்த நமக்குத் தெரிந்திருக்கிறது. அதே வாசலில், சரக்கின் அடியில் என்ன போட்டோம், முன்னால் எதை முட்டுக்கொடுத்தோம், எத்தனை கட்டு, எவ்வளவு திறன் என்று நான்கு வரிக்கு அனுப்புபவரும் ஓட்டுநரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி வந்தால் போதும். கையெழுத்துப் போட வேண்டிய ஆலை மேலாளர் விரிப்பு வாங்கி வைப்பார். கட்டாத வண்டிக்கு வாசல் திறக்காது. ‘வெளிய போய்க் கட்டிக்க’ என்று சொல்வது, அதைச் சொல்பவருக்கே செலவாகும்.